வாத்து மாமி

கூடத்தின் நடுவே கோலம் போடுகிற வழக்கம் கரமனை அக்ரஹாரத்தில் எந்த வீட்டிலும் கிடையாது. ஆனாலும் அன்று மத்தியானம் பாகீரதி அரிசிமாக் கிண்ணத்தோடு உட்கார்ந்து, பூஜை உள்ளின் வாசற்படியிலிருந்து ரேழிக் கதவு வரைக்கும் ஒரே நேராகப் புள்ளி வைத்துக்கொண்டு போனாள். யோசனை அவளுடையதுதான். நடக்கிற ஆளின் கால் எந்த இடத்தில் ஊன்றுகிறது, எந்த இடத்தில் எழும்புகிறது என்று காகிதத்தில் கொண்டுவர முடியாமல் பட்டாபி காலையிலிருந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். "ஏன்னா, நான் வரிசையா புள்ளி வெக்கறேன். கால் எந்தப் புள்ளிகிட்ட விழறதுன்னு பாத்துண்டே வரைஞ்சா போறுமே" என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். "அட, நல்ல சூத்திரமாக்கும் இது! உனக்குக்கூட புத்தியிருக்கே!" என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் மெச்சுதல் அது. பாவம், அதற்கே அவளுக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று.

பட்டாபிக்கு மராமத்து ஆபீசில் வரைபடக்காரர் உத்தியோகம். திருவனந்தபுரத்தில் எங்கே ரோடு வளைந்தாலும் சரி, பாலம் கோணினாலும் சரி, அவனுடைய காகிதத்துக்கு வந்துதான் நேராகும். சாயங்காலங்களில் வேடிக்கைப் படம் போடுவான். மூக்கு நீண்ட பேஷ்கார், தொப்பை சரிந்த வக்கீல் என்று அவன் கிறுக்கியதைப் பார்த்துச் சிரிக்காதவர் ஆபீசில் இல்லை. சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் பண்ணுகிற ஆறுமுகநயினார் காதுக்கு அந்தப் பேர் எட்டியது. நயினார் பணம் போட்டு எடுத்த 'நாத்தனார் மெச்சிய நல்லாள்' என்ற குடும்பப் படம் நாகர்கோவில் முதல் கொல்லம் வரைக்கும் சக்கைப்போடு போட்டிருந்தது. கதாநாயகி சுகுணா மாமியார் கொடுமையில் கண்ணீர் விடுவதும், அவள் வளர்த்த வாத்து அந்த மாமியாரைத் துரத்தித் துரத்திக் கொத்துவதும் ஜனங்களுக்கு அப்படிப் பிடித்துவிட்டது. படத்தை மறுபடி திரையிடும்போது முன்னால் ஓட்டுவதற்கு, அதே கதையிலிருந்து ஒரு சின்னப் படம், ஆளே இல்லாமல் சித்திரங்களே நடந்து பேசுகிற கார்ட்டூன் படம், வேண்டும் என்று நயினாருக்கு ஆசை வந்தது. பட்டாபி ஆபீசுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டான்.

பாகீரதிக்கு இடது கால் சூம்பின கால். சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து போகிறபோது அதையும் கொண்டுபோய்விட்டது. நடக்கும்போது வலது கால் ஒரு எட்டு வைக்கும். இடது கால் தரையை இழுத்துக்கொண்டு அரை எட்டில் வந்து சேரும். மடிசாரின் கொசுவம் தடுக்கிவிடாமல் இருக்க, ஒவ்வொரு தடவையும் இடது கையால் முழங்காலுக்கு மேல் புடவையைச் சற்றே தூக்கிப் பிடிப்பாள். இப்படிப்பட்ட பெண்ணைக் கைப்பிடித்த பட்டாபியை ஊரே தர்மவான் என்றது. அந்தப் பேரைக் கேட்டுக் கேட்டே அவளுக்குத் தலை நிமிராமல் போயிற்று. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ கிளம்பினால் தர்மவான் நாலு வீடு முன்னால் விடுவிடு என்று போய்க்கொண்டிருப்பான். பின்னால் வருகிறவள் தன் பெண்டாட்டிதான் என்று வழியில் போகிறவர் யாருக்கும் தெரியாது. தன் நடையைப் பார்க்கக்கூடாது என்றுதான் அவர் முன்னால் போகிறார் என்று பாகீரதியும் மனசுக்குள் ஒத்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவன் இப்போது பலகையை மடியில் வைத்துக்கொண்டு, "நட பாகீ, நான் பாக்கணும்" என்கிறான்!

நடந்தாள். திரும்பி நடந்தாள். "இன்னும் மெதுவா... ஆங், அங்கே நில்லு. காலை எடுக்காதே" என்பான். புள்ளிக்கும் பாதத்துக்கும் உள்ள தூரத்தைக் கண்ணை இடுக்கிப் பார்ப்பான். பென்சில் ஓடும். இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு நடக்கச் சொன்னான். அதுவும் நடந்தாள். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. புருஷன் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறபோது இடுப்பு வலியையா சொல்லிக்கொண்டிருப்பாள்?

"சுகுணா நடக்கறதுக்கா இது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தவன், "ம்" என்றான்.

அந்த ஒரு 'ம்'மை வைத்துக்கொண்டு அவள் கட்டிய கோட்டை இருக்கிறதே! என் கோணல் காலைப் பார்த்து சுகுணாவை எப்படி வரைவார் என்று முதலில் திகைத்தாள். பிறகு அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். வளைந்த ரோட்டையே காகிதத்தில் நேராக்குகிறவர், ஒரு காலை நேராக்க மாட்டாரா? என் நடைதான், ஆனால் கோணலை மட்டும் எடுத்துவிட்ட நடை. உடம்பில் நடக்காத காரியம் திரையில் நடக்கப்போகிறது. ஒரே ஒரு தடவை, நான் நேராக நடந்தால் எப்படியிருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டால் போதும். குளிக்கும்போதும் அரைக்கும்போதும் இதே நினைப்பாக இருந்தாள். பகவானே, இதற்குக்கூட ஆசைப்படக்கூடாதா என்று நாம் என்ன கேட்டு என்ன?

வரைந்த காகிதக் கட்டுகள் சாலைக் கடைத்தெருவில் நயினாரின் அரிசிக் கிடங்குக்குப் போயின. அங்கே ஒரு மூலையைக் கறுப்புத் துணியால் மறைத்து, மதராஸிலிருந்து வந்த காமிராக்காரர் ஒவ்வொரு காகிதமாகப் படம் பிடித்தார். அடுத்த தெரு நாகேஸ்வரன் மிருதங்கம் வாசிக்கப் போனான். என்ன கதை என்று அவனைக் கேட்டால், "அது சஸ்பென்ஸாக்கும் மாமி" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

படம் வெளியான ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு அக்ரஹாரமே திரண்டு போயிற்று. பாகீரதி தீபாவளிக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டாள். பெண்கள் பகுதியில் அடுத்த வீட்டு ஜெயலக்ஷ்மிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். "உங்காத்துக்காரர் படம், நீயானா கல்யாணப் பொண்ணு மாதிரி வந்திருக்கே" என்று ஜெயலக்ஷ்மி கன்னத்தைத் தட்டினாள். விளக்கு அணைந்தது. திரையில் வெளிச்சம் வருவதற்கு முன்பே மிருதங்கம் கேட்டது. நீளமாக ஒரு அடி, தோலை விரலால் இழுத்துத் தேய்த்தாற்போல் குறுக்கே ஒரு அடி. மறுபடி நீளம், மறுபடி குறுக்கு. எங்கேயோ கேட்ட தாளமாயிருக்கிறதே என்று நினைத்தாள். கூடத்தில் அவளுடைய சொந்தக் கால் போடுகிற சத்தம் அது.

திரையில் ஒரு வாத்து வந்தது. மடிசார் கட்டின வாத்து. மூக்கிலே பேசரி, இடுப்பிலே குடம். வலது காலை ஒரு எட்டு வைத்தது. இடது காலை அரை எட்டாக இழுத்தது. இழுக்கும்போது இடது சிறகால் முழங்காலுக்கு மேல் புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்தது. குடத்துத் தண்ணீர் தளும்பிக் கொட்டியது. கொட்டகை அதிர்ந்தது. ஆண்கள் பக்கம் விசில் அடித்தார்கள். சுகுணா வருவாள், வருவாள் என்று பாகீரதி கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். வரவேயில்லை. படம் முழுக்க அந்த வாத்துதான். ஆற்றுக்குப் போயிற்று, வழுக்கி விழுந்தது, எழுந்து மறுபடி அதே நடை நடந்தது. ஜெயலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள். பாகீரதியின் முழங்கால்மேல் கையை வைத்தாள். சிரித்துத் தொலைத்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பின்வரிசையில் யாரோ ஒருத்தி ஆசையாகவே கூவினாள்: "அய்யோ, நம்ம பாகீரதியாக்குமே அது! அப்படியே, அச்சு அசல்!"

வெளியே வந்தபோது ஆறுமுகநயினார் சந்தனப் பொட்டும் சரிகை வேஷ்டியுமாக பட்டாபியின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். "சாமி, சிரிப்பக் கேட்டீருல்லா? கொட்டகை இடிஞ்சி விழல, அம்புட்டுதான்! அது இருக்கட்டும், அந்த நடைய எங்கயிருந்துவே புடிச்சீரு?"

பாகீரதி குதிரை வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தாள். பட்டாபியின் கண் ஒரு கணம் அவள் இருந்த பக்கம் வந்து போயிற்று.

"எங்கேயிருந்து பிடிக்கறது? எல்லாம் மனசிலே தோணினதுதான்" என்றான்.

பேரைச் சொல்லிவிடப் போகிறாரே என்று பயந்து நின்றவள் அவள்தான். சொல்லாமல் விட்டதும் நெஞ்சு வெடித்தவளும் அவள்தான். இடுப்பு கழன்றுபோகிற மாதிரி நடந்தவள் ஒருத்தி இருந்தாள் என்பதே இல்லையென்று ஆகிவிட்டது. வழக்கம்போல அவன் முன்னால் போனான். அவள் பின்னால் போனாள். கரமனை ஆற்றுப் பாலத்தில் எதிரே வந்த இரண்டு பேர் அவளைப் பார்த்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டாள். "அது நான்தானே?"

"என்னடீ உளறறே? வாத்துடீ அது. வாத்து நடையே அப்படித்தான்."

"வாத்து ரெண்டு காலையும் ஒரே மாதிரி வெக்கும். வயக்கரையிலே எத்தனை பாத்திருக்கேன். எந்த வாத்து இடது காலை இழுத்துண்டு நடக்கும்? எந்த வாத்து புடவையைத் தூக்கிப் பிடிக்கும்?"

அவன் அங்கவஸ்திரத்தை உதறிக் கொடியில் போட்டான். பிறகு ஏதோ பெரிய வரம் கொடுக்கிறவனைப்போல அருகில் வந்தான். "இப்போ என்ன வந்துடுத்து? ஊரே சிரிச்சுது, நீயானா மூக்கைச் சிந்தறே. உன் நடை இல்லேன்னா இந்தப் படமே இல்லை, கேட்டியா? இப்போவா பாத்தேன்? இத்தனை வருஷமா பாத்துண்டிருக்கேன். முன்னாலே போய்ட்டு, திருப்பத்திலே நின்னு திரும்பிப் பாப்பேன். நீ வர்ற அழகைப் பாத்தா எனக்கே சிரிப்பு அடக்க முடியாது."

பாகீரதி அதற்கப்புறம் அழவில்லை. அவர் பார்க்கவே இல்லை என்று இத்தனை நாள் அழுதது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்றுதான் தோன்றியது. பார்க்காமலே இருந்திருக்கலாம் அந்த மனுஷன்.

தெருவில் பிள்ளைகளுக்கு அந்தத் தாளம் பாடமாகிவிட்டது. அவள் வாசல் தெளிக்க வந்தால் எங்கிருந்தோ கதவுப் பலகையில் நீளமாக ஒரு தட்டு கேட்கும், பின்னாலேயே ஒரு தேய்ப்பு. யாரையும் அடிக்க முடியாது, யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்கள் பிள்ளைகளை அதட்டுவார்கள். அதட்டிவிட்டு உள்ளே போய்ச் சிரிப்பார்கள். ஆற்றுக்குக் குளிக்கப் போகிற பெண்கள் அவளுக்காக நின்று மெதுவாக நடப்பது முன்பெல்லாம் வழக்கம். இப்போது அப்படி நிற்கும்போது ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் நின்றார்கள். அவள் உச்சி வெயிலில் தனியாகப் போய்க் குளித்துவிட்டு வர ஆரம்பித்தாள். அப்புறம் அதையும் நிறுத்திவிட்டுக் கிணற்றடியோடு இருந்துவிட்டாள். கோயிலுக்குப் போவதும் நின்றுபோயிற்று. ஏன் வரவில்லை என்று ஜெயலக்ஷ்மி ஒரு நாள் வந்து கேட்டாள். "கால் வலி" என்றாள் பாகீரதி. அந்தக் காலைப் பற்றி அவள் பிறத்தியாரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை பட்டாபி சாலைக் கடைத்தெருவிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தான். நயினார் இரண்டாவது படம் கேட்டிருக்கிறார். வாத்து மாமி கல்யாணத்துக்குப் போகிறாள், பந்தியில் ஓடுகிறாள், ஊர்வலத்தில் நாயனத்துக்கு முன்னால் ஆடுகிறாள். "ஓட்டம் வேணும் பாகீ, ஓட்டம்! அதுதான் இன்னும் நான் பாத்ததில்லை" என்றான். தானே சமையலுள்ளுக்குப் போய் மாவை எடுத்துவந்து புள்ளி வைத்தான். கோணல்மாணலாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வைத்தான். வைத்துவிட்டு, சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பலகையை மடியில் நிறுத்தினான்.

பாகீரதி கூடத்துத் தூணடியில் அரிவாள்மணை வைத்துப் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா. எழுந்துரு."

"எழுந்துக்க மாட்டேன்."

"என்னடீ இது? ஒரே ஒரு தடவை. நயினார்கிட்ட வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேனாக்கும்."

"நீங்க இருக்கற எடத்திலே நான் இனிமே நடக்க மாட்டேன்."

அவன் சிரித்தான். "எத்தனை நேரம்னு பாக்கறேன். அடுப்பிலே உலை கொதிக்கறது, போய்த்தானே ஆகணும்" என்று பென்சிலைச் சீவ ஆரம்பித்தான்.

சமையலுள்ளிலிருந்து கஞ்சி பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. பாகீரதி அரிவாள்மணையை மடக்கினாள். நறுக்கின காயை முந்தானையில் அள்ளி முடிந்துகொண்டாள். உள்ளங்கைகள் இரண்டையும் தரையில் ஊன்றி, எழுந்திருக்காமல், உட்கார்ந்தபடியே உடம்பைத் தூக்கி நகர்ந்தாள். வலது காலை மடக்கி, இடது காலை முன்னால் நீட்டி, கொஞ்சம் கொஞ்சமாக, அவன் வைத்த புள்ளிகளின் மேலேயே நகர்ந்தாள். மாவு புடவையில் ஒட்டிற்று. கை வழுக்கிற்று. சமையலுள்ளின் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டுகிற சமயத்தில், முதுகுக்குப் பின்னால் பட்டாபி மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது. புதுக் காகிதம் ஒன்றைப் பலகையின்மேல் விரிக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் பென்சில் ஓட ஆரம்பித்தது.