மஞ்சள் கோடு

அந்த கராஜில் அவனுக்கு ‘மஞ்சக்கோடு’ என்று பெயர். போல்ட்டை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, போதுமான இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று கேட்ட பிறகுதான் அதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பான். கோடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை எடுக்கலாம் என்று வேகப்பித்துப் பிடித்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் நம்பினார்கள். அவனும் நம்பினான், அதுதான் வம்பு.

பல் டாக்டரம்மாவின் காருக்கு முன்சக்கரங்களில் புது பிரேக் மாட்டிய அன்று வேலை தலைக்கு மேல் இருந்தது. நேரத்தை மிச்சம் பிடிக்க, பிரேக்கைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டையும் கையால் திருகிவிட்டு முதலிலேயே கோடுகளை இழுத்துவைத்தான். மூன்றைத்தான் முறுக்கியிருப்பான். அதற்குள் பக்கத்து அறையில், அவன் கட்டிய இன்ஜின் ஒன்றுக்குப் பவர் சோதனை. கைதட்டுகிறார்கள், வீடியோ எடுக்கிறார்கள். இந்தத் துரை அங்கே மூஞ்சியைக் காட்டாமல் இருக்க முடியுமா? ஓடினான். திரும்பி வந்தவன் நாலாவது கோட்டைப் பார்த்தான், சக்கரத்தை மாட்டினான்.

பத்தாம் நாள் டாக்டரம்மாவும் கணவரும் அந்த காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முந்தின நாள் பிரேக் கழன்று, கார் சாலைத் தடுப்பில் உரசி நின்றிருக்கிறது. ஓட்டியவர் கணவர்; பின்சீட்டில் அவர்கள் மகள் இருந்திருக்கிறாள். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை.

ஓனர் சக்கரத்தைக் கழற்றினார். போல்ட் விழுந்துபோன இடத்தின் ஓரத்தில், அதன் தலையைத் தாண்டி வழிந்திருந்த மஞ்சள் பெயிண்ட் அப்படியே இருந்தது. எங்கள் ஆள் கோடு போட்டால் போட்டதுதான், வீட்டில் யாராவது கை வைத்தீர்களா என்று கேட்டார்.

டாக்டரம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். மிக்சியைப் பிரித்தால் ஒரு திருகாணியை மிச்சம் வைத்து மூடுகிற ஆள் அவர். போன ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றித் துடைத்ததை ஒப்புக்கொண்டார்.

“நான்தான் எதையோ தளர்த்திட்டேன் போல. மன்னிச்சுக்குங்க தம்பி, உங்க பேரையும் கெடுத்துட்டேன்” என்றார் அவனிடம்.

அவனுக்கு நாலாவது ‘டிக்’ கேட்கவே இல்லை என்பது காரைப் பார்த்தபோதே உறைத்துவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டினான். பெருந்தன்மையாக மன்னிக்கிறானாம்!

இனிமேல் காரைத் தொடக் கூடாது, பிள்ளையைத் தனியாக எங்கும் கூட்டிப்போகவும் வேண்டாம் என்று டாக்டரம்மா கணவரிடம் சொல்லிக்கொண்டே நடந்தார். அவரும் சரி சரி என்று பின்னால் போனார். அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் அவன் ஓடிப்போய் வழியில் நின்றான்.

“சார், நீங்க இல்ல. அந்த போல்ட்ட நான் முறுக்கவே இல்ல. முறுக்காமலே கோடு போட்டுட்டேன்.”

ஓனர் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. வேலை போகும் என்பதும் தெரிந்தது. டாக்டரம்மா அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. கணவரைத்தான் கேட்டார்: “அப்புறம் ஏன் நீங்கதான்னு சொன்னீங்க?”

“இவர் தொழில் தெரிஞ்சவர். நமக்கு என்ன தெரியும்? தப்பு என்மேலதான் இருக்கும்னு நெனச்சேன்” என்றார் அவர். “நேத்தே பாப்பாகிட்ட மன்னிப்புகூடக் கேட்டுட்டேன்.”