காதில் விழுந்த பாதி

"அந்த நாற்காலி வேண்டாம், இப்படி உட்காருங்க" என்று நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான், இனி அதில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது அவளுக்கு உறைத்தது. நாற்காலியின் மேல் நடுவில் ஓட்டை வைத்த மெத்தை கிடந்தது. நாத்தனார் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன அண்ணி, டயர் மாதிரி?"

"உங்க அண்ணனுக்கு உட்கார."

"மூலமா?"

"இல்ல."

உள்ளறையில் அவர் வெள்ளைப் போர்வைக்குள் மல்லாந்து, நேராகப் படுத்திருந்தார். அப்படி நேராகப் படுத்து எத்தனையோ காலமாகிவிட்டது. எப்போதும் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, அதற்கிடையில் ஒரு தலையணை.

ப்ராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன், அப்புறம் கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து, நோய் போயாச்சு, நிம்மதியாக இருங்கள் என்று கைகுலுக்கி அனுப்பினார்கள். நோய் வெளியே போன வாசல் வழியாகவே வலி உள்ளே வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சுத்தம்.

"ஒண்ணும் இல்லையே" என்றார் டாக்டர்.

தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பது அவள் புருஷனின் தொழில். ஆஸ்பத்திரி வாசலில் நின்று சிரித்தார். "நானும் இப்படித்தான் சொல்லி அனுப்புவேன். ஒண்ணும் இல்லைன்னா, எனக்கு ஒண்ணும் புரியலைன்னு அர்த்தம்."

வலித்த இடமோ நாலு பேர் முன்னால் சொல்லக்கூடிய இடமில்லை. ஒருமுறை உறவினர் வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் முகம் சுருங்கியது. அவள் பக்கம் சாய்ந்து, "அவரு வந்துட்டாரு, கிளம்பலாமா?" என்றார். அன்றிலிருந்து வலிக்கு அதுதான் பேர். சொல்லாமல் வருகிறவர், எப்போது கிளம்புவார் என்று கேட்க முடியாதவர், வந்தால் வீடே கைகட்டி நிற்க வேண்டும். "இவருக்குப் பொண்ணு குடுத்திருந்தாக்கூட இவ்வளவு மரியாதை எதிர்பார்க்க மாட்டாரு" என்பார். அவரு வந்துட்டாரு என்றால் வெந்நீர்ப் பை. அவரு போயிட்டாரு என்றால் இரண்டு பேருக்கும் டீ. அவர்கள் இருவரையும் மகளையும் தவிர அது யாருக்கும் தெரியாது. பெண்டாட்டி புருஷனைச் சொல்வதும் 'அவரு' என்றுதான் என்பது அப்போது மூவருக்கும் தோன்றவில்லை.

இன்று காலையில் அவள் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து அவர் குரல் கொடுத்தார். '...ட்டாரு' என்று வால் மட்டும் காதில் விழுந்தது. வந்துட்டாரு என்றுதான் எடுத்துக்கொண்டாள். வேறெதை எடுத்துக்கொள்வது? தண்ணீர் சுட வைத்து, பையில் ஊற்றி, மூடியைத் திருகி, துணி சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அவர் தலை சாய்ந்திருந்தது. முகத்தைப் பார்த்தாள். வலித்த முகமா, வலி விட்ட முகமா? நாற்பது வருஷம் பார்த்த முகம், அந்த நேரத்தில் அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. என்ன செய்வதென்று புரியாமல், கொண்டுபோன பையை அவர் இடுப்புக்கடியில் வைத்தாள்.

மகளுக்குப் போன் செய்தாள்.

"அவரு போயிட்டாருடி."

"அப்பாடா. நிஜமாவா? எப்போ?"

"இப்பத்தான்."

"மறுபடி வர்றதுக்குள்ள அப்பாவ உட்கார வச்சுச் சோறு போடும்மா. எவ்வளவு நாளா நின்னுக்கிட்டே சாப்பிடுறாரு, கல்யாணத்துல பந்தி கிடைக்காத ஆள் மாதிரி." மகள் சிரித்தாள். "போனை அப்பாகிட்ட குடு."

போனை நீட்டியபடி அவள் அறை வாசல் வரைக்கும் போய்விட்டாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மாரடைப்பு என்றார்.

"கடைசியில அந்த வலி இருந்திருக்குமா டாக்டர்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா."

"அப்போ அது எதனால?"

டாக்டர் காதில் மாட்டிய குழாயை மடித்துப் பைக்குள் வைத்தார். மூடுவதற்கு ஜிப் கொஞ்சம் மக்கர் செய்தது. அவள் பையைப் பிடித்துக்கொண்டு உதவினாள்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையசைத்துவிட்டுக் கிளம்பினார்கள். நாத்தனார் மட்டும் கூடத்து சோபாவில் கால் நீட்டிக் கண்ணை மூடியிருந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு மகள் சமையலறைக்கு வந்து கதவோரம் நின்றாள்.

"அம்மா. நான் போன்ல சந்தோஷப்பட்டேன்."

"உனக்கென்ன தெரியும்."

"அப்பா கடைசியா என்ன சொன்னாரு?"

"'ட்டாரு'ன்னு கேட்டுச்சு."

"வந்துட்டாருன்னா, போயிட்டாருன்னா?"

"அதுதான்டி தெரியல. போயிட்டாருன்னு சொல்லியிருந்தா, அவரு டீக்காகக் காத்துக்கிட்டு நிம்மதியாப் போயிருக்காரு. வந்துட்டாருன்னு சொல்லியிருந்தா..." கழுவிய டம்ளரை மறுபடி கழுவினாள். "தண்ணி ஓடிக்கிட்டிருந்துச்சு. டேங்க் வேற நிரம்பிக் கொட்டிக்கிட்டிருந்துச்சு."

"அம்மா, 'மோட்டாரு'ன்னு சொல்லியிருப்பாரோ?"

அவள் திரும்பிப் பார்த்தாள். டேங்க் நிரம்பினால் போதும், ஊருக்கே மோட்டார் மாட்டுகிறவன் வீட்டில் மோட்டாரை அணைக்க ஆளில்லை என்று அவர் கத்துவது தெருமுனை வரை கேட்கும். முதலில் மகளின் தோள் குலுங்கியது. பிறகு இவளுக்கும் அடக்க முடியவில்லை. சாவு வீட்டில் சிரிப்பதாவது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருவரும் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். சிரிப்பு அடங்கியபோது மகள் அம்மாவின் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"உள்ள போ" என்றாள் அவள்.

"எதுக்கு?"

"அப்பா படுத்திருந்த மாதிரி, சுவர்ப் பக்கம் பார்த்துப் படு. நான் எல்லாத்தையும் திறந்துவிடறேன். மூணையும் சொல்லு. எது அதுன்னு நான் சொல்றேன்."

"எந்த வரிசையில சொல்ல?"

"உன் இஷ்டம். என்கிட்ட சொல்லாத."

மகள் போனாள். இவள் மோட்டாரைப் போட்டாள். குழாயைத் திறந்து பாத்திரத்தை அடியில் வைத்தாள். டேங்க் நிரம்பும்வரை காத்திருந்தாள். கொட்ட ஆரம்பித்ததும், காலையில் நின்ற இடத்தில் நின்றாள்.

குரல் வந்தது. ட்டாரு.

மறுபடி வந்தது. ட்டாரு.

"இன்னும் கொஞ்சம் சத்தமா" என்று சொல்ல நினைத்தாள். அவர் சத்தமாகச் சொல்லவில்லையே.

மூன்றாவது முறையும் குரல் வந்தது.

கூடத்தில் நாத்தனார், "யாரு வந்தது?" என்று சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே போய் வாசல் கதவைத் திறந்தாள். தெருவின் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். வருகிறவருக்கு வழிவிட்டு, கதவோரமாக ஒதுங்கி நின்றாள்.