வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி

“நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடலன்னா என்னா அர்த்தம் ஹரி?”

“இன்னைக்குக் கோவிச்சுக்கிச்சுன்னு அர்த்தம்ண்ணே.”

“என் பொண்டாட்டிகூடக் காரணத்தச் சொல்லிட்டுத்தான் மூஞ்சத் தூக்குவா. இது ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதுலா.”

ஹரிதாஸ் சிரித்தான். ஜாசினுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர் கணேசமூர்த்தி. தன் பழைய மோட்டார் சைக்கிளைப் பாதித் தூரம் ஓட்டியும் மீதித் தூரம் தள்ளியும் புக்கிட் பெருவாங்கிலிருக்கும் இந்த வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மழை பிடித்துக்கொண்டதால் வண்டியைப் பின்கட்டுக்குள்ளேயே ஏற்றியாயிற்று. அடுப்படிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சின்ன இடம். அதுதான் ஹரிதாஸின் பட்டறை.

முக்காலியில் குனிந்து உட்கார்ந்து கார்ப்ரேட்டரைப் பிரித்தான். அடிக்கிண்ணத்தில் பழைய பெட்ரோல் பாகு மாதிரி காய்ந்து கிடந்தது. பித்தளை ஜெட்டைப் பெட்ரோலில் ஊறப்போட்டு, ஒற்றைக் கம்பி விட்டுக் குத்தி, கூரைக்கு வெளியே தெரிந்த வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். ஊசிமுனைத் துளையில் சாம்பல் நிற வானம் ஒரு பொட்டாகத் தெரிந்தது. அந்தப் பொட்டு தெரிந்துவிட்டால் மனசுக்குள் ஏதோ ஒன்று திறந்துகொள்ளும். இந்த ஒரு வருஷத்தில் அவனுக்குத் திறந்தது அது ஒன்றுதான்.

“இந்த ஊசி தேஞ்ச மாதிரி இருக்கே, மாத்த வேணாமா?” என்றார் கணேசமூர்த்தி. கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கிற ஊசி அது.

“இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்ண்ணே.”

“நீ சொன்னா சரி. நான் முக்குல ஒட்டுக்கடையில தே தாரிக் டீ ஒண்ணு குடிச்சுட்டு வரேன். முடிஞ்சா போன் அடி.”

அவர் குடையோடு முன்பக்கமாகப் போனார்.

போன வருஷம் ஜாசின் சாலையில் ஹரிதாஸ் மோட்டாரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டான். எலும்பு சேர்ந்தது, காயம் ஆறியது. தலைசுற்றல் மட்டும் வந்து வந்து போயிற்று. டவுனில் அவன் வேலை பார்த்த மோட்டார் பெங்கெல் பட்டறையின் முதலாளி ஆறு மாதம் பொறுத்துவிட்டு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். இதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. தெரியாதது ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாளிலிருந்து அவனுக்கு எந்த வாசமும் தெரியவில்லை. மைலோ பானம் வெந்நீராக இருந்தது. தெருவுக்கே மணக்கிற டுரியான் பழம் ஈரமாவாக நாக்கில் ஒட்டியது. மகளை அணைத்துக்கொள்ளும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற பிள்ளையைத் தொடுவதுபோல் இருந்தது. திரும்பினால் திரும்பும், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். அதை அவன் வீட்டில் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் இந்தப் பின்கட்டு கிடைத்திருக்காது. பெட்ரோலை வீட்டுக்குள் விட மனைவி பவானேஸ்வரிக்கு முதலிலிருந்தே பயம். அவள் கம்பெனி பஸ் ஏறிப் போகிறாள், சம்பாதிக்கிறாள்; அவன் ஹாலில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறான். அதைக் காணப் பொறுக்காமல்தான் கடைசியில் சம்மதித்தாள். “உங்க மூக்க நம்பித்தான் விடுறேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவாள். சாமி மேடையில் கனலில் பொடியைத் தூவி, புகையோடு அறை அறையாக வந்து, அடுப்படி வழியாகப் பின்கட்டில் முடிப்பாள். புகை முகத்தில் அடிக்கும்போது அவளுக்கு வேறெந்த வாசமும் பிடிபடாது. அதனால் கிளம்புமுன் ஹாலிலிருந்து குரல் கொடுப்பாள், “எண்ணெ வாசம் இருக்கா?” என்று. பெட்ரோலைத்தான் அவள் எண்ணெ என்பாள். ஹரிதாஸ் டப்பா மூடிகளைப் பார்ப்பான், துணிகளைப் பார்ப்பான், தரையைப் பார்ப்பான். கண்ணால் பார்த்துவிட்டு மூக்கின் பெயரில் பதில் சொல்வான். “இல்ல, வா.”

இன்றும் வெள்ளிக்கிழமை. கார்ப்ரேட்டரை மாட்டி, பெட்ரோல் குழாயைத் திறந்துவிட்டு, ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தான். கூரைச் சாரலில் தரை ஏற்கெனவே நனைந்து பளபளத்தது. எது மழை, எது மழையில்லை என்று யாரால் சொல்ல முடியும்? டப்பாக்களை மூடினான். திருப்புளிகளைத் துடைக்க ஆரம்பித்தான்.

“என்னங்க, எண்ணெ வாசம் இருக்கா?”

“இல்ல, வா.”

அவள் கையிலிருந்த சின்ன மணியின் சத்தம் ஹாலைக் கடந்தது, படுக்கையறையைக் கடந்தது. பவானேஸ்வரிக்குப் பின்னால், தலை முழுகிய ஈரக் கூந்தலை விரித்துப் போட்டபடி மகள் திவ்யதர்ஷினி வந்துகொண்டிருந்தாள். முடியில் புகை பிடிக்க வேண்டும் அவளுக்கு. அடுப்படிப் படியில் தாயின் கால் பட்ட நேரம், பிள்ளை சாதாரணமாகச் சொன்னாள்.

“அம்மா, பெட்ரோல் நாறுது.”

பவானேஸ்வரி நின்றாள். கத்தவில்லை. தூபக்காலைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முதுகால் மகளைத் தள்ளித் தள்ளிப் பின்னோக்கியே நடந்து முன்வாசலுக்குப் போனாள். மழையில் கனல் சீறி அவிந்த சத்தம் பின்கட்டுவரை கேட்டது.

அப்போதுதான் ஹரிதாஸ் கீழே பார்த்தான். கார்ப்ரேட்டரின் அடியிலிருந்த வடிகுழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத்தின்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் முக்காலியைச் சுற்றி விரிந்து, அவன் செருப்பைத் தாண்டி, அடுப்படிப் படியைத் தொட்டிருந்தது. பெட்ரோல் குழாயை மூடினான். ஊசி தாங்கவில்லை.

பவானேஸ்வரி திரும்பி வந்தாள். புடவையில் வயிற்றுப் பக்கம் சூடு பட்டுச் சுருங்கியிருந்தது. அடுப்படி ஜன்னல்களைத் திறந்துவிட்டு, படிக்கு மேலேயே நின்றாள்.

“எப்பலேருந்து?”

“என்னா எப்பலேருந்து? மழைத் தண்ணின்னு நெனச்சேன் பவா.”

“புள்ளைக்கு அங்கேருந்தே தெரியுது. நீங்க அதுக்கு நடுவுல உக்காந்திருக்கீங்க.”

அவன் ஒரு துணியை எடுத்து ஈரத்தின்மேல் போட்டான்.

“அன்னைக்குச் சோறு தீஞ்சு வீடே நாறுனப்ப, போன் பாத்துக்கிட்டு இருந்தேன்னீங்க. டுரியான் தின்னுட்டு, பரவால்லன்னீங்க. டுரியானத் தின்னுட்டு எவனாச்சும் பரவால்லன்னு சொல்லுவானா?” குரல் உடையவில்லை. தட்டையாக, கம்பெனியில் பழுதான சாமானை ஒதுக்கி வைக்கிறவளின் குரலாக இருந்தது. “ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நெருப்பக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டேன். இந்தப் புள்ளயப் பின்னாடி கூட்டிக்கிட்டு வந்தேன்.”

ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை வாயைவிட்டு வந்தால் நாளைக்கே டப்பாக்கள் வெளியே போகும், முக்காலி போகும், ஜெட்டின் துளையில் தெரிகிற வானப்பொட்டும் போகும். ஹாலும் சுவரும் கம்பெனி பஸ் திரும்பி வரும் நேரமும்தான் மிஞ்சும். சொல்லாவிட்டால் என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. ஒட்டுக்கடையிலிருந்து கணேசமூர்த்தியாக இருக்கும். அவன் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

“நான் திட்ட வரலங்க” என்றாள் பவானேஸ்வரி. படியில் மெல்ல உட்கார்ந்தாள். “சாமானத் தூக்கிப் போடறதப் பத்தியெல்லாம் அப்பறம் பேசலாம். ‘எனக்கு வாசம் தெரியல’ன்னு உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க. ஒரே தடவ சொல்லுங்க.”