வெள்ளாட்டுத் தோலில் இருபத்தைந்து மைல்

பின் சக்கரத்தில் காற்றுக்குப் பதிலாக ஒரு முழு வெள்ளாட்டுத் தோலை வைத்து, பள்ளிகொண்டாவிலிருந்து மேல்விஷாரம் வரை இருபத்தைந்து மைல் சைக்கிள் விட்டவன் நான். அதுவும் கேரியரில் ஒரு ஆளோடு. வேலூரைத் தாண்டும்போது எங்களைத் துரத்திய நாய்கள் நூற்றுப் பதினேழு. குறைத்துத்தான் சொல்கிறேன்.

1932, வைகாசி மாதம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் எனக்கும் அப்துல் ஹமீதுக்கும் தோல் தரம் பிரிக்கிற வேலை. அன்று மாலை மேல்விஷாரத்தில் அவன் தங்கை முனவ்வர் பேகத்துக்கு நிக்காஹ். தகப்பனார் இல்லாத வீடு. அண்ணன் வந்து சம்மதம் சொன்னால்தான் நடக்கும். காலை ரயிலோ எங்கள் முகத்தில் புகையை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஹமீதுக்கு சைக்கிள் விடத் தெரியாது. ஷேர்வானியோடு என் கேரியரில் ஏறிக்கொண்டான்.

பள்ளிகொண்டா அருகே புதிதாகக் கொட்டிய ஜல்லியில் பின் டயர் வெடித்தது. அந்தச் சத்தத்துக்குப் பாலாற்றுக் கொக்குகள் சித்தூரில் போய்த்தான் இறங்கின. ட்யூப் நார்நாராகத் தொங்கியது. ஒட்டுப் போட இடமில்லை.

"நடக்கலாம் காசி" என்றான் ஹமீது. "நான் போலன்னா மாப்பிள்ளையோட பெரியப்பா, அந்த இஷ்தியாக் அகமது, எல்லாரையும் கூட்டிக்கினு போய்டுவாரு. அவருக்கு இந்தச் சம்பந்தமே புடிக்கல."

உப்புப் போட்ட, இன்னும் பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. கெஞ்சி ஒரு தோல் வாங்கினேன். தோல்காரன் கை சும்மா இருக்குமா? பச்சைத் தோலைத் தொட்டால் முதலில் அலசி ஊறவைக்கத்தான் போகும். கால்வாயில் நன்றாக முக்கினேன். பிறகு சக்கரத்தைக் கழற்றி, வண்டிக்காரரின் கரண்டிக் காம்பால் டயரின் ஒரு விளிம்பை நெம்பி, தோலைக் கயிறாக முறுக்கி உள்ளே திணித்தேன். விளிம்பைத் திரும்ப ரிம்முக்குள் தள்ள மூன்று பேரும் அதன்மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது.

மூன்று மைல் பூப்போல ஓடியது. பிறகுதான் நான் செய்த தப்பு தெரிந்தது. ஊறிய தோல் வெயிலில் காய்ந்து சுருங்கி, டயர் வழுக்க ஆரம்பித்தது.

"இன்னாடா காசி, சக்கரம் ஒரு பக்கம் போவுது, டயரு ஒரு பக்கம் போவுது?"

சைக்கிளை அப்படியே ஏரியில் இறக்கினேன். தோல் தண்ணீரைக் குடித்தது. கண்ணெதிரே உப்பி டயரை இறுகப் பிடித்தது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. செத்த ஆடு எங்களுக்காக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது போலிருந்தது. ஹமீது சக்கரத்தைத் தடவிக் கொடுத்தான்.

அதன்பின் வழியெல்லாம் மாட்டுக்குக் காட்டுவதுபோலச் சக்கரத்துக்குத் தண்ணீர் காட்டினோம். கிணற்றடிப் பெண்கள் குடம் குடமாக ஊற்றினார்கள். பச்சைத் தோல் வாசனைக்கு விரிஞ்சிபுரத்தில் ஐந்து நாய்கள் சேர்ந்தன. வேலூரில் எண்ணிக்கையைத்தான் சொல்லிவிட்டேனே. அதற்குமேல் நான் மிதித்ததாக ஞாபகமில்லை. பயமே வண்டியை ஓட்டியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை ஜட்கா வண்டியில் உட்கார்ந்துவிட்டார். இஷ்தியாக் அகமது படியில் ஒரு காலை வைத்திருந்தார். ராணிப்பேட்டையில் நாற்பது வருஷம் தோல் பதனிட்ட மனிதர்.

"பொண்ணு குடுக்க மனசில்லன்னா காலையிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

ஹமீது மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னான்.

"பச்சைத் தோலு ரெண்டு தடியனுங்களைத் தூக்கிக்கினு இருபத்தஞ்சு மைலு வந்துச்சா? யார்கிட்ட அளக்கற? பக்கத்துத் தெருவுல திணிச்சுக்கினு வந்து நிக்கறீங்க."

"கழட்டிப் பாருங்க சாஹிப்" என்றேன்.

பட்டு அங்கியோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவரே சக்கரத்தைக் கழற்றினார், அவரே டயரை நெம்பினார். உள்ளே ஜன்னல் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. தோலை உருவி முழங்காலில் விரித்தார். ஒரு மயிர் இல்லை. அத்தனையும் உரசி உதிர்ந்து, கம்பளிபோல டயருக்குள் அப்பியிருந்தது.

உள்ளங்கையால் தோலைத் தடவினார். திருப்பிப் போட்டுத் தடவினார். விரலை மோந்து பார்த்தார்.

"சுண்ணாம்புத் தொட்டியில எட்டு நாள் ஊறினாத்தான் இப்படி மயிரு வுடும். இதுல சுண்ணாம்பு வாடையே இல்ல" என்றார், யாரிடமும் இல்லாமல்.

தோலை மடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு ஜட்காவில் இருந்த மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்:

"எறங்கு பேட்டா. ஓடியிருக்குது. இருபத்தஞ்சு மைலும் ஓடித்தான் இருக்குது."