அறுபத்து மூன்றில் நிற்கிறது

நான்காவது முறையும் அதே இடத்தில்தான் நின்றது. நீலத் திரையில் ஊர்ந்துகொண்டிருந்த கோடு அறுபத்து மூன்று விழுக்காட்டுக்கு வந்தது. ஒரு கோப்பைப் பிரிக்க முடியவில்லை என்று இரண்டு வரி ஆங்கிலத்தில் கைவிரித்துவிட்டு அப்படியே உறைந்துபோனது. புஷ்பவல்லி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மணி பத்தே முக்கால். மூன்று மணிக்குக் கிளாங்கிலிருந்து பக்கிரிசாமி வருகிறார். இருபத்தெட்டு லோரிகளுக்குச் சொந்தக்காரர். லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் வாங்குவாராம், ஆனால் விண்டோஸ் இருக்கிற கணினியில் ஒரு துரும்பும் அசையக்கூடாதாம். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி இருப்பதாக நடிக்கும் மென்பொருள் ஒன்று அந்த வருடம், தொண்ணூற்றொன்பதில்தான், வந்திருந்தது. அந்தப் பொய்க் கணினிக்குள் லினக்ஸை ஏற்றிக் காட்ட வேண்டும்.

காட்டினால் வேலை நிரந்தரம். காட்டாவிட்டால் இன்றோடு சரி. மூன்று மாதச் சோதனைக் காலம் இன்றுதான் முடிகிறது. இரண்டு வருடம் மாலை வகுப்புக்கு ஓடிப் படித்துவிட்டு, மறுபடியும் செலாயாங் பாசாரில் அண்ணியோடு நின்று வெங்காயம் நிறுக்க அவளால் முடியாது. நினைத்தாலே அழுகை வந்தது.

"என்ன பிள்ளை, இன்னும் முடியேல்லையோ?"

முதலாளி சீவரத்தினம் பின்னால் வந்து நின்றார். யாழ்ப்பாணப் பூர்வீகம்; அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புப் பார்த்து ஓய்வு பெற்று, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையைப் பிடித்துக் கணினிக் கடை போட்டிருப்பவர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனா, நாக்கில் எப்போதும் யாரையாவது பற்றி ஒரு குறை.

"அதே இடத்துல நிக்குது சார்."

"புதன்கிழமை நல்ல நேரம் பார்த்து, லினக்ஸ் சிடியைச் சாமிக்கு முன்னால வெச்சுக் கும்பிட்டு, நானே நகலெடுத்து உள்ளுக்குப் போட்டனான். பிழை எங்கால வரும்? நீர்தான் எதையோ மாத்திப்போட்டீர்."

அவள் விசைப்பலகைக்குத் திரும்பினாள். பொய்க் கணினிக்கு ஒதுக்கிய நினைவகத்தைக் கூட்டினாள். நின்றது. வட்டின் அளவைப் பெரிதாக்கினாள். நின்றது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். அரைமணி நேரத்தைத் தின்றுவிட்டு அறுபத்து மூன்றில் வந்து நின்றது.

சீவரத்தினம் சும்மா இருந்தாரா என்றால், அதுதான் இல்லை. கவனம் போதாது என்றார். படிப்பு போதாது என்றார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு என்பதே கிடையாது என்று தேநீர் கொண்டுவந்த கடைக்காரரிடம்கூடச் சொன்னார். அந்த மனிதருக்கு லினக்ஸும் தெரியாது, புஷ்பவல்லியையும் தெரியாது. பாவம், தலையை மட்டும் ஆட்டினார்.

பன்னிரண்டரைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. எதை மாற்றினாலும் ஒரே கோப்பில் நிற்கிறதென்றால் கோளாறு பொய்க் கணினியில் இல்லை. உள்ளே போட்ட நகலே கெட்டிருக்க வேண்டும்.

"சார், ஒரிஜினல் சிடி வேணும்."

"அது சாமிப் படத்துக்கு முன்னால இருக்கு. அதைத் தொடவேண்டாம். நகல் இருக்குத்தானே?"

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். புஷ்பவல்லி படியில் அவருடைய செருப்புச் சத்தம் தேயும்வரை காத்திருந்தாள். சுவரோரம் முருகன் படத்துக்குக் கீழே, ஊதுவத்திச் சாம்பலுக்கு நடுவில் சிடி இருந்தது. மினுமினுக்கும் பக்கம் மேலே. அதன் மேல், விளிம்போரமாக, சுண்டுவிரல் நக அகலத்தில், காய்ந்துபோன சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

அவள் சிரித்திருக்கலாம். சிரிக்க நேரமில்லை. பொட்டு வைத்த கையோடு, படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போகும் மென்பொருளில் சீவரத்தினம் நகலெடுத்திருக்கிறார். அதுவும் சந்தனத்தை விட்டுவிட்டு மிச்சத்தை எல்லாம் ஒழுங்காகவே எழுதியிருக்கிறது. கைக்குட்டையை நனைத்து, கீறல் விழாமல் நடுவிலிருந்து வெளியே துடைத்தாள். "மன்னிச்சிரு முருகா" என்று சொல்லியும்விட்டாள். புதிதாக நகலெடுத்து முடித்தபோது மணி ஒன்றரை.

இரண்டு மணிக்குக் கோடு அறுபத்து இரண்டில் இருந்தது. சீவரத்தினம் திரும்பி வந்து பின்னால் நின்றார். அறுபத்து மூன்று. கணினி கரகரவென்று முனகியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அறுபத்து நான்கு.

இரண்டே முக்காலுக்கே பக்கிரிசாமி வந்துவிட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். லினக்ஸ் எழுந்து பெயர் கேட்டது. பக்கத்தில் விண்டோஸ் அசையாமல் இருந்தது.

"நல்லா இருக்குலா. நாளைக்கே என் ஆபீஸ்ல போட்ருங்க."

சீவரத்தினத்துக்குத் தலைகால் புரியவில்லை. "காலமை முழுக்க அடம்பிடிச்சது. முருகன்தான் வழிவிட்டவர்" என்றபடி சிடியை எடுத்தார். "பொட்டு அழிஞ்சுபோச்சு போல. உங்கட ஆபீசுக்குப் போறதல்லோ, புதுசா வெச்சுத் தாறன்." கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து, விரலில் எடுத்து, மினுமினுப்பான பக்கத்துக்குக் கொண்டுபோனார்.

புஷ்பவல்லி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

வேலை நிரந்தரமாகாத ஒரு பெண், வாடிக்கையாளர் எதிரில், முதலாளியின் கையைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் பிடித்தோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. விட்டால் நாளை கிளாங்கிலும் அறுபத்து மூன்றில்தான் நிற்கும்.

"வேணாம் சார். காலையில நின்னது இந்தப் பொட்டாலதான். மெஷின் படிக்கிற பக்கம் இதுதான். நான்தான் துடைச்சேன்."

சீவரத்தினத்தின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் நினைத்தாள்.

பக்கிரிசாமிதான் பேசினார். "நானும் என் லோரிக்கெல்லாம் பொட்டு வெக்கிறேன் சார். கண்ணாடியில வெச்சா டிரைவர் எப்படி ரோட்டப் பாப்பான்?"

சிரித்தவர் அவர் மட்டும்தான். முன்பணக் காசோலையை மேசையில் வைத்துவிட்டு அவர் இறங்கிப்போனார். சீவரத்தினத்தின் விரலில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. வேட்டி கட்டிய நாளிலிருந்து யாரிடமும் தன்மேல் தவறென்று சொல்லிப் பழகாத மனிதர்.

"நாளைக்குக் கிளாங்குக்கு நீர்தான் போகோணும்" என்றார் கடைசியில். "நிரந்தரக் கடிதம் திங்கட்கிழமை தாறன்."

"சரி சார்."

அவர் நகரவில்லை. சிடியைப் பார்த்துக்கொண்டே, "காலமையிலயிருந்து உம்மைத்தானே ஏசினனான்" என்றார்.

பரவாயில்லை சார் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். மூன்று மாதமாக அவள் சொல்லிவந்த பதில் அது. ஆனால் நாள் முழுக்கப் பயத்தில் ஒளிந்திருந்த கோபம் அப்போதுதான் எழுந்து வந்தது.

"ஆமா சார்" என்றாள்.