எஸ்ரா நேப்பியரின் பெயர்

என் அண்ணன் லூதர் நிலக்கரிச் சுரங்கத்தில் செத்தபோது அவனோடு பத்துப் பேர் செத்தார்கள். கென்டக்கி மலைப்பக்கம், அறுபத்தெட்டாம் வருடம் மார்ச் மாதம். காலை ஷிப்ட் இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வாயு பற்றிக்கொண்டது. மூன்றாம் நாள் உடல்களை மேலே கொண்டுவந்தார்கள். பெல்ட்டின் பக்கிளை வைத்துத்தான் அண்ணி வெர்னா அவனை அடையாளம் காட்டினாள்.

அண்ணி முன்பிருந்தே பாட்டுக் கட்டுவாள். சனிக்கிழமை நடனங்களில் அவள் கிடார், நான் பிடில். அந்த வாரமே ஒரு பாட்டுக் கட்டினாள். செத்த பதினோரு பேரின் பெயரும் அதில் வரும். கடைசியில் உயிரோடிருந்த ஒருவரின் பெயரும் வரும்.

'விளக்கேந்திப் போகவேண்டிய எஸ்ரா நேப்பியர்
வீட்டடுப்போரம் தூங்கினான்.'

ஷிப்டுக்கு முன் விளக்கோடு தனியாக உள்ளே போய் வாயு இருக்கிறதா என்று சோதிப்பது எஸ்ராவின் வேலை. அன்று அவர் போகவே இல்லை என்று சொன்னது சுரங்க மேனேஜர். துக்கம் விசாரிக்க வந்தவர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். நம்பினோம்.

பாட்டு நாஷ்வில்லில் இசைத்தட்டாயிற்று. கோடைக்குள் எல்லா ரேடியோவிலும் அதுதான். வேலைநிறுத்தங்களில் ஆயிரம் பேர் சேர்ந்து பாடினார்கள். எங்கள் ஊரில் எஸ்ராவுக்குக் கடையில் மாவுகூடக் கொடுக்கவில்லை. அவர் நாயை யாரோ சுட்டார்கள். மனைவி ஓபலோடு ஒஹையோவுக்கு, டேட்டன் நகரத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போய்விட்டார்.

இரண்டு வருடம் கழித்து விசாரணை அறிக்கை வந்தது. 'வாயு இருக்கிறது, யாரும் இறங்காதீர்கள்' என்று எஸ்ரா சுரங்க வாசல் பலகையில் எழுதியிருக்கிறார். அழித்துவிட்டு ஆட்களை இறக்கியது மேனேஜர்.

அண்ணி இரண்டு தரம் படித்தாள். "வண்டிய எடு, க்ளே" என்றாள்.

டேட்டனில் எஸ்ரா எங்களை உள்ளே கூப்பிடவில்லை. படியிலேயே நின்று பேசினார்.

"எழுதினேன். அவன் சட்டைக் கையால தொடச்சான். எதிர்த்தா வேலை போயிடும்னு வாய மூடிக்கிட்டேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தேன், தூங்கவும் செஞ்சேன். உன் பாட்டுல அது பொய் இல்லம்மா."

"பாட்ட எப்படி மாத்தட்டும், சொல்லுங்க. நீங்க சொல்றபடி மாத்துறேன்."

"என் பேர எடுத்துடு. போதும். இங்க கேன்டீன்ல தினம் அதத்தான் போடுறானுங்க."

இசைத்தட்டை நிறுத்தச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினாள். நன்றாக விற்கிறதே என்று பதில் வந்தது.

நாக்ஸ்வில்லில் அந்த வரியே இல்லாமல் பாடினாள். வரி வரவேண்டிய இடத்தில் நான் பிடிலை மட்டும் இழுத்தேன். கூட்டம் விடவில்லை, ஒரே குரலில் அந்த வரியைப் பாடி முடித்தது. அண்ணி கையை உயர்த்தினாள்.

"அவர் எழுதித்தான் வெச்சாரு! அழிச்சது மேனேஜர். நான்தான் தப்பாக் கட்டிட்டேன்."

"பாட்டப் பாடும்மா, பிரசங்கம் ஞாயித்துக்கிழமை கேட்டுக்கிறோம்!" என்றான் பின்வரிசையில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

இன்னும் இரண்டு ஊரில் முயன்றாள். அங்கேயும் அதே கதைதான். அதற்குப் பிறகு அவள் மேடை ஏறவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பாட்டை வேறு யார் யாரோ பாடினார்கள்.

எழுபத்துநாலில் எஸ்ரா நுரையீரல் கெட்டுச் செத்தார். டேட்டன் பத்திரிகை நாலு வரி போட்டது, அந்தப் பாட்டில் தூங்கும் மனிதர் இவர்தான் என்று. அது தவறு என்று அண்ணி பத்திரிகைக்கு எழுதினாள். போடவில்லை. மறுபடி எழுதினாள். மூன்றாவது கடிதத்தை உள்பக்க மூலையில் போட்டார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு உறை வந்தது. அனுப்பியவர் எஸ்ராவின் மனைவி ஓபல். உள்ளே அந்தக் கடிதம் அச்சான துண்டு மட்டும், ஓரம் பிசகாமல் கத்தரித்தது. அண்ணி உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். வேறெதுவும் விழவில்லை.