ஆறு மில்லிமீட்டர் ஓட்டை

வெர்னியரை மூன்றாவது முறையும் வைத்துப் பார்த்தாள் ரிஃபானா. ஆறு மில்லிமீட்டர்தான். வெள்ளிக்கிழமை பிஎச்.டி. வைவா, அதற்குமுன் ஆய்வகத்தில் தன் அலமாரியை ஒழிக்கலாம் என்று உட்கார்ந்தவளுக்கு, அந்தக் கறுப்பு அட்டையை அளந்து பார்க்க ஏன்தான் தோன்றியதோ.

சூரிய மின்கலத்தின் மேல் மாஸ்க் என்று அந்த அட்டையை வைத்து, அதன் சதுர ஓட்டை வழியாக விழும் வெளிச்சத்துக்கு எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று பார்ப்பார்கள். முதல் வருடம் அவளே பிளேடால் ஐந்து மில்லிமீட்டருக்கு வெட்டியது. மூன்று வருடம் ஒட்டி, பிரித்து, ஸ்பிரிட்டால் துடைத்ததில் ஓரமெல்லாம் தேய்ந்துவிட்டது. தன் கையால் வெட்டியதை யார் திரும்ப அளப்பார்கள்? கணக்கில் பரப்பு இருபத்தைந்து சதுர மில்லிமீட்டராகவே இருந்தது. வெளிச்சம் முப்பத்தாறுக்கு விழுந்துகொண்டிருந்தது.

மின்கலத்தில் பூசும் சாயத்தின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்தால் வெளிச்சம் வீணாகும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய மூலக்கூறை ஒவ்வொன்றுக்கும் மோதிரம்போல மாட்டிவிட்டால் தனித்தனியாக நிற்கும். அதனால்தான் மின்கலத்தின் திறன், முதல் வருடம் அளந்த நாலு புள்ளி மூன்று சதவீதத்திலிருந்து ஆறு புள்ளி இரண்டாக ஏறியது என்பது அவள் ஆய்வேடு. புது அட்டை வெட்டி, வளையம் மாட்டிய மின்கலத்தை மறுபடி அளந்தாள். நாலு புள்ளி மூன்று. வளையம் ஒன்றும் கிழிக்கவில்லை.

பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்தில் கைடு விஜயராணியின் வீட்டுக்கே போய்விட்டாள்.

"மேடம், நம்ம ரிசல்ட் தப்பு. மாஸ்க் ஓட்டை பெருசாயிருக்கு."

விஜயராணி கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யார்ட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க மேடம்."

"பேப்பர் வந்து எட்டு மாசம் ஆச்சு. உங்க அத்தா வேற லீவு போட்டு வந்திருக்காரு. வெள்ளிக்கிழமை முடியட்டும்மா."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரும்பும்போது காவிரிப் பாலத்தில் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாடா என்றும் இருந்தது. அதை நினைத்துத்தான் கூசிப்போனாள்.

வைவாவில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கெட்டிக்காரர். நேராக அங்கேயே கை வைத்தார். "மாஸ்க் போட்டுத்தானே அளந்தீங்க? பரப்பு எவ்வளவு?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்து வந்திருந்தாள். முன்வரிசையில் தாஜுதீன், சவூதியில் தம்மாமில் கிரேன் ஓட்டும் அவளுடைய அத்தா, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், ஒரு வார்த்தைகூடப் புரியாமல், அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தஞ்சு சதுர மில்லிமீட்டர் சார்."

தேர்வாளர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகும் அத்தா நிறுத்தவில்லை. "டாக்டரம்மா" என்று அழைத்தவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சிரித்து வைத்தாள்.

சமோசாத் தட்டுகளுக்கு நடுவே வேணி வந்தாள். போன வாரம்தான் பிஎச்.டி.க்குச் சேர்ந்தவள். தஞ்சாவூரில் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, குழந்தையை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள்.

"உங்க சோலார் செல்லுலேருந்துதான் அக்கா என் வேலையே ஆரம்பிக்குது. மேடம் சொல்லிட்டாங்க. இதைவிட மேல கொண்டு போகணுமாம். முடியும்ல?"

ஆசையாகப் புது நோட்டைப் பிரித்துக் காட்டினாள். முதல் பக்கத்தில், நட்டநடுவில், பெரிதாக 6.2 என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தாள்.